வீட்டில்தானே இருக்கிறாய் என்பவர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வயது 34. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே. அமெரிக்கக் கடை நிறுவனம் ஒன்றின் கணினி அமைப்பை எங்கள் குழுதான் கவனித்துக்கொள்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறைக்கு நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவார். சமையல், பலகாரம், எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க அழைத்துப்போவது எல்லாம் என் தலையில். “வீட்டில்தானே இருக்கிறாய்” என்கிறார் மாமியார். அவருடைய அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். உழைப்பு என்றால் உடம்பு நோக வேண்டும் அவருக்கு. சென்ற டிசம்பரில் ஓர் இரவு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் பேசியபடியே முறுக்கு பிழிந்தேன். மறுநாள் லேப்டாப் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “அம்மா பேசாதே” என்று மகள் எழுதியிருந்தாள். வேலையை விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: அந்த முறுக்கிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. உங்களை யார் பிழியச் சொன்னார்கள்? கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மாமியார் கேட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை. வண்ணாரப்பேட்டையில் முறுக்குக்கா பஞ்சம்? கேட்காத வேலையை நள்ளிரவில் செய்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லையே என்று மருகுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களுடைய மற்ற மனக்குறைகள் நியாயமானவை. இது மட்டும் நீங்களாக வரவழைத்துக்கொண்டது.

இனி மாமியார். அவருக்கு உங்கள் வேலை புரியாது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மில் தொழிலாளியின் மகளுக்கு ஷிப்ட் என்றால் என்னவென்று நீங்களும் நானும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரம்பூரில் இருந்த அந்தப் பின்னி மில் 1996-ல் மூடப்படும்வரை அந்தப் பக்கத்து வீடுகளில் உலை வைப்பதும் பிள்ளைகளை அதட்டி அடக்குவதும் ஷிப்டைப் பார்த்துத்தான் நடந்தன. இரவு ஷிப்ட் முடித்துவந்து அப்பா தூங்கினால் வீட்டில் பாத்திரம்கூட உருளாது. இன்றைக்கு உங்கள் கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்தாலும் அதே மரியாதைதான் கிடைக்கிறது, இல்லையா? அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிப் போகிறார், திரும்பி வருகிறார். உங்கள் வேலைக்குப் போக்கும் இல்லை, வரவும் இல்லை. எந்த நேரம் தொடங்கி எந்த நேரம் முடிகிறது என்று நீங்களும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆகவே சொல்லுங்கள். “மீட்டிங் இருக்கிறது”, “கிளையன்ட் கால்” என்றெல்லாம் வேண்டாம். “அத்தை, டிசம்பர் முழுக்க எனக்கு ராத்திரி ஷிப்ட், ஏழரைக்கு ஏறினால் பன்னிரண்டரைக்குத்தான் இறங்குவேன்” என்று அவர் பேசும் மொழியில் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் கணவரின் ஷிப்டைக் குறித்திருப்பீர்கள். அதற்குக் கீழேயே உங்களுடையதையும் எழுதிவையுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதே ஒன்பது மணி நமக்கு 7.30 ஆகிவிடும், மார்ச் வரை அப்படித்தான். கார்த்திகை விளக்கு, மார்கழி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள்தான் வருகின்றன. அதுவரை எட்டு மணிக்குக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த மருமகள் திடீரென்று ஒன்பது மணிக்கு வருகிறாள் என்றால், பார்ப்பவர்களுக்கு வேண்டுமென்றே செய்வதாகத்தான் படும். இதை ஒருமுறை உட்கார்ந்து விளக்குங்கள். கணவரைத் தூதுவிடாமல் நீங்களே பேசுங்கள். மகன் வாயால் வந்தால் அது மருமகளின் புகாராகிவிடும்.

சாப்பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தப் பின்னி மில் தொழிலாளர்களால்தான். மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று. நூறு ஆண்டு கழித்து நீங்கள் இடைவேளையே இல்லாமல் மவுஸ் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். 7.30-க்கு முன்பே சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். மகளோடு சேர்ந்து சாப்பிட்டது போலவும் ஆகும். அவள் பள்ளிவிட்டு வந்ததிலிருந்து அதுவரை போன் அலமாரிக்குள் இருக்கட்டும். அந்தத் தாளுக்கு இதுதான் பதில்.

அலுவலகத்துக்கு வருவோம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை தொடங்கிப் புத்தாண்டு வரை அமெரிக்காவில் விற்பனைக் காலம். அவர்கள் ஆள்கள் விடுமுறையில் போவார்கள், விழித்திருப்பது நீங்கள். அதை மாற்ற உங்களால் ஆகாது. ஆனால் தள்ளிவைத்த வேலைகளையெல்லாம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் சேர்த்துக் கொட்டுவார்கள். நம் பொங்கலும் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது. அதை மாற்றலாம். டிசம்பர் முதல் வாரத்திலேயே குழுவில் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடும் கேரளத்துக்காரரோ நம் ராயபுரத்துக்காரரோ குழுவில் இருந்தால் 24, 25 இரவுகளை நீங்கள் ஏற்றுக்கொண்டு, போகி முதல் காணும் பொங்கல் வரை அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெலுங்கு நண்பர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கும் அதே நாளில் சங்கராந்தி. பேசி முடித்ததை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு ஜனவரியில் யாருக்கும் நினைவிருக்காது.

பண்டிகை விடுமுறைகளுக்கென்று தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அந்த விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்புத் தர வேண்டும் என்கிறது அது. உங்கள் நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டியலில் உள்ள நாளில் வேலை பார்த்திருந்தால் மனிதவளப் பிரிவிடம் கூசாமல் கேளுங்கள்.

நாத்தனார் விஷயத்தில் மட்டும் கணவர்தான் பேச வேண்டும், அவர் தங்கை. வரட்டும், பத்து நாள் இருக்கட்டும், பிள்ளைகள் கூத்தடிக்கட்டும். ஆனால் எம்.சி. ரோட்டுக்கு அண்ணனே கூட்டிக்கொண்டு போகட்டும். ஷிப்ட் இல்லாத ஒரு நாள் அந்த நெரிசலில் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், வீட்டிலிருப்பவள் என்ன செய்கிறாள் என்ற பேச்சு அந்த வீட்டில் குறைந்துவிடும். காலைச் சமையல் உங்களுடையது, இரவுச் சமையல் அத்தையும் நாத்தனாரும் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். நாத்தனார் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வேலையை விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பரில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன், நீங்களும் உங்களுக்குள் சொல்லிக்கொள்ளாதீர்கள். தூக்கமில்லாதவர்கள் எழுதும் ராஜினாமாக் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பொங்கல் முடிந்து, நாத்தனார் ஊருக்குப் போய், ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கிய பிறகும் இதே எண்ணம் இருந்தால், வருமானக் கணக்கையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அப்போது பேசுவோம்.