டொமைன் பதிவுத் தரவு: அவசரக் கோரிக்கைகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கடையின் பெயரில் யாரோ போலி இணையதளம் நடத்துகிறார்கள். உரிமையாளரின் முகவரியை ‘அவசரக் கோரிக்கை’யாகக் கேட்டு வாங்க முடியுமா?

பதில்: முடியாது. இணையப் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் வரையறைப்படி, உயிருக்கு உடனடி ஆபத்து, கடுமையான உடற்காயம், முக்கியக் கட்டமைப்புகளுக்கு அச்சுறுத்தல், குழந்தைகள் மீதான சுரண்டல் ஆகிய நான்குக்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும். அப்போதும், அந்த ஆபத்தைத் தடுக்கத் தரவு தேவைப்பட வேண்டும். வியாபார இழப்பு உண்மையான இழப்புதான் என்றாலும் இந்தப் பட்டியலில் அது இல்லை. போலித் தளம் கடவுச்சொற்களைத் திருடுகிறது என்றால், அந்த டொமைனை விற்றுப் பதிவு செய்த பதிவு நிறுவனத்தின் முறைகேடு புகார் முகவரிக்குச் சான்றுடன் எழுதுங்கள். 2024 ஏப்ரல் முதல் அத்தகைய டொமைன்களின் மீது நடவடிக்கை எடுப்பது ஐகேனுடனான ஒப்பந்தப்படி பதிவு நிறுவனங்களின் கடமை. வணிக முத்திரைத் தகராறு என்றால் யு.டி.ஆர்.பி. என்ற டொமைன் தகராறு தீர்வு முறையில் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு எதிராளியின் பெயர் முன்கூட்டியே தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

கேள்வி: சாதாரணக் கோரிக்கைக்கு எத்தனை நாள்?

பதில்: பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க இரண்டு வேலை நாள்கள், பதிலளிக்க அதிகபட்சம் 30 நாள்கள். காரணத்துடன் மறுப்பதும் பதில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: டொமைன் யாருடையது என்று காட்டிய ஹூயிஸ் சேவையை எடுத்துவிட்டதால்தானே டொமைன் உரிமையாளர்களின் பெயர்கள் மறைந்துபோயின?

பதில்: இரண்டையும் குழப்பாதீர்கள், இதே கேள்விக்கு முன்பும் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை மறைத்தது ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். நடைமுறைக்கு வந்த 2018 மே 25 முதல் அமலான ஐகேனின் தற்காலிக விதி. ஹூயிஸுக்குப் பதிலாக ஆர்டாப் என்ற நெறிமுறை முழுமையாக இடம்பிடித்தது 2025 ஜனவரியில். முன்னது தரவை யார் பார்க்கலாம் என்பது பற்றியது, பின்னது தரவு எந்த வடிவில் வருகிறது என்பது பற்றியது.

கேள்வி: ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடும் வழக்கில்கூட, பதிவு நிறுவனம் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று ஐகேன் கொள்கை சொல்லவில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. ஐகேனின் கொள்கைக் குழு 2019-இல் தந்த முதல் கட்ட அறிக்கை, அவசரக் கோரிக்கைகளுக்குத் தனிக் காலக்கெடு வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டு, எத்தனை வேலை நாள்கள் என்ற இடத்தை வெற்றிடமாக விட்டது. நிரப்ப வந்த செயலாக்கக் குழு 24 மணி நேரம் என்று வைத்து, வேலை நாள் கணக்கில் நீட்டிப்பும் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் ஐகேனில் உள்ள அரசுகளின் ஆலோசனைக் குழு அதை எதிர்த்துக் கடிதம் எழுதியது. உடன்பாடு வராததால், 2024 பிப்ரவரியில் வெளியாகி 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பதிவுத் தரவுக் கொள்கையில் அந்தக் காலக்கெடு சேரவே இல்லை.

உயிராபத்தை வேலை நாள்களால் அளக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் போகும் கோரிக்கை திங்கள்கிழமை காலைவரை கிடக்கலாம். நடுவில் பதிவு நிறுவனம் இருக்கும் நாட்டின் பண்டிகை விடுமுறையும் வந்தால் வாரமே கழிந்துவிடும். ஆள் இல்லை என்ற சமாதானமும் எடுபடாது. பதிவு நிறுவனங்கள் தங்கள் நாட்டுச் சட்ட அமலாக்க அமைப்புகளுக்கென 24 மணி நேரமும் கவனிக்கப்படும் தொடர்பு முகவரியை வைத்திருக்க வேண்டும் என்றும், ஆதாரமுள்ள புகாரை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் 24 மணி நேரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றும் ஐகேனுடனான 2013-ஆம் ஆண்டு ஒப்பந்தமே சொல்கிறது. விழித்திருக்கும் அந்த ஆள் இந்தக் கோரிக்கையையும் பார்க்கலாம். மேலே சொன்ன நான்கு வகைகளுக்குள் நின்றால் இத்தகைய கோரிக்கைகள் குவியவும் போவதில்லை.

உண்மையான உடனடி ஆபத்துக்கு நாள்கள் அல்ல, நிமிடங்களோ மணிகளோதான் பொருத்தம் என்று ஐகேன் வாரியமே 2024 ஜூனில் எழுதிவிட்டது. கேட்பவர் உண்மையான அதிகாரிதானா என்று சரிபார்க்க உலகளாவிய ஏற்பாடு இல்லை என்பதையும் அதே கடிதம் சுட்டியது. காலக்கெடு ஒரு தடத்திலும் சரிபார்ப்பு இன்னொரு தடத்திலுமாக இரண்டும் ஒரே நேரத்தில் நகரட்டும் என்று அரசுகளின் ஆலோசனைக் குழு அந்த அக்டோபரில் முன்மொழிந்தது. 24 மணி நேரம் என்று இப்போதே எழுதிவிட்டு, சரிபார்ப்பு முறை வரும் நாளில் அது கட்டாயமாகும் என்று வைப்பதே சரி என்பது என் கருத்து. ஒன்றுக்காக மற்றொன்றைக் காக்க வைத்தால் இரண்டுமே வராது.

கேள்வி: காவல்துறையின் மின்னஞ்சலில் இருந்து வந்தால் போதாதா? சரிபார்ப்பு எதற்கு?

பதில்: போதாது. ஊடுருவப்பட்ட அரசு மின்னஞ்சல் கணக்குகளில் இருந்து பொய்யான அவசரக் கோரிக்கைகளை அனுப்பித் தனிநபர் தரவைக் கறப்பது நடந்துவரும் குற்றம். பெரிய அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களே ஏமாந்ததாக 2022-இல் செய்தி வந்தது, 2024 நவம்பரில் எஃப்.பி.ஐ. எச்சரிக்கையும் வெளியிட்டது. தவறான கையில் சேரும் வீட்டு முகவரியே ஓர் உயிராபத்து. கேட்பவர் எங்கோ ஒரு நாட்டின் சிறு நகரக் காவல் அதிகாரி, பதில் சொல்பவர் வேறொரு கண்டத்தின் ஊழியர் என்னும்போது, நம்பிக்கைக்கு மின்னஞ்சல் முகவரியைத் தாண்டிய அடிப்படை வேண்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே மைய அமைப்பிடம் ஒப்படைத்தால் என்ன?

பதில்: அந்தத் திட்டம் வந்தது. உருவாக்கவே இரண்டு கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று 2022-இல் ஐகேன் மதிப்பிட்டது. பயன்பாடு எவ்வளவு என்பது தெரியாத நிலையில் ஆண்டுச் செலவின் மேல்வரம்பு பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. அதனால்தான் 2023 நவம்பரில் ஆர்.டி.ஆர்.எஸ். என்ற எளிய சோதனைச் சேவை தொடங்கியது. அது கோரிக்கையைக் கொண்டுசேர்க்கும், தரவைத் தராது. பதிவு நிறுவனங்கள் சேர்வதும் விருப்பத்தின் பேரில்தான்.

கேள்வி: .இன் டொமைனுக்கும் இதே விதிதானா?

பதில்: இல்லை. ஐகேன் கொள்கை .காம், .ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கே. .இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்சியை அணுகுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவின் 72 மணி நேர விதி இதைத் தீர்த்துவிடாதா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு உத்தரவான என்.ஐ.எஸ்.2-இன் 28-ஆவது பிரிவு, முறையான எல்லாக் கோரிக்கைகளுக்கும் 72 மணி நேரத்தை உச்சவரம்பாக வைக்கிறது. சாதாரண வழக்குக்கு அது பெரிய முன்னேற்றம். கடத்தப்பட்ட குழந்தைக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம்.

கேள்வி: ஒருவழியாகத் தரவு கிடைத்தது, அதில் இருப்பது உரிமையாளருக்குப் பதிலாகத் தன் பெயரைப் பதியும் பதிலி நிறுவனத்தின் பெயர். இனி என்ன செய்ய?

பதில்: அந்தப் பதிலி நிறுவனத்துக்கும், தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த டொமைன், எந்தச் சட்டப் பிரிவு, அவசரக் கோரிக்கை என்றால் மேலே சொன்ன நான்கு வகைகளில் எது என்பவற்றை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். அவை இல்லாத கோரிக்கையை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினால், இழக்கும் நேரம் உங்களுடையது. பயன்பாட்டுப் பதிவுக் குறிப்புகளை (லாக்) அழிக்காமல் வைத்திருக்கும்படி அதே கடிதத்தில் கோருங்கள்.