பூனை, நாய் இருக்கும் வீட்டில் என்ன செடி வைக்கலாம்? – கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

மதுரை வாசகி: நாய்க்குட்டி மணிபிளான்ட்டைக் கடித்துவிட்டது. எச்சில் ஒழுகுகிறது. உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. அந்த இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் என்ற படிகம் இருக்கிறது. வேகாத சேப்பங்கிழங்கு நம் நாக்கை அரிக்குமே, அதே சங்கதி. வாயை ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் வையுங்கள். மூச்சுத் திணறினால், வாந்தி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் புகட்டாதீர்கள்; உப்பே விஷமாகிவிடும்.

சென்னை வாசகர்: பிறந்தநாள் பூச்செண்டில் லில்லி வந்தது. மேசைமேல்தான் இருக்கிறது. பூனை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

கூடவே கூடாது. இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். முதலில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு தெளிந்த மாதிரி தெரியும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் நின்றபின் தூக்கிவந்த பூனைகளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நாய்க்கு இதே பூ வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி; அது மணிபிளான்ட் குடும்பம்.

டிஃபன்பேக்கியா செடி?

மணிபிளான்ட் பதிலேதான்.

ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம்?

இரண்டும் தாராளமாக வைக்கலாம்.

தஞ்சை வாசகர்: எங்கள் ஊரில் வேலியெல்லாம் அரளி. எந்த நாயும் செத்ததில்லை. எதைத் தின்னலாம் என்று பிராணிக்குத் தெரியாதா?

அரளி கசக்கும், அதனால் பல நாய்கள் விட்டுவிடும். ஆனால் தெருநாய்க்குத் தெரு முழுக்க வேலை இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் குட்டி, பொழுது போகாமல் கண்டதையும் மெல்லும். அரளி விஷம் நேராக இதயத்தைத் தாக்கும்.

தஞ்சை வாசகர்: பூனை குப்பைமேனியைத் தானே தேடிப் போகிறதே! பூனைவணங்கி என்று பெயரே இருக்கிறது.

உண்மைதான், அதன் வேரைக் கண்டால் பூனை புரளும். அது மருந்தறிவு இல்லை, வாசனை இழுக்கிறது. விஷத்திலும் வாசனை உண்டு. தொட்டிக்கு உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறோம். அதில் ரிசின் என்ற கொடிய விஷம் தங்கியிருக்கலாம். எலும்புத்தூளையும் சேர்த்துப் போட்டால் நாய் மோப்பம் பிடித்து மண்ணைத் தோண்டியே தின்னும். தனக்கு ஆகாதது என்று தெரிந்திருந்தால் தின்னுமா?

மணிபிளான்ட்டை உயரத்தில் தொங்கவிடலாமா?

நாய்க்கு எட்டாது, பூனைக்கு எட்டும்.

பூனை உண்ணிக்கு மருந்து சொல்லுங்கள்.

எடை பார்க்காமல் சொல்ல முடியாது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்.

வாசலில் சைகஸ் (பனை மாதிரி இருக்கும் அலங்காரச் செடி) தொட்டி இருக்கிறது. நாய் இலையைத் தொடுவதில்லை.

இலையைவிட விதைதான் மோசம். ஒன்றிரண்டு விதையே ஈரலைக் கெடுத்து நாயைக் கொன்றுவிடும். இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

சென்னை வாசகர், மறுபடியும்: பூனையின் மார்பு முடியில் மஞ்சள் அப்பியது போல ஒரு தூள். நன்றாகத்தான் விளையாடுகிறது. காலை வரை பார்க்கலாமா?

வேண்டாம். அது மகரந்தம். ஈரத்துணியால் துடைத்து, நக்கவிடாமல் துண்டில் சுற்றுங்கள். பூவைப் போட்டோ எடுத்துக்கொண்டு, இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள்.