பழைய கணினிக்கு முதலில் எதை வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 2015-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உள்ளது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்லூரியில் படிக்கும் மகளும் பத்தாம் வகுப்பு மகனும் நானும் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். ஆன் செய்து ஐந்து நிமிடம் காத்திருந்தால்தான் எதுவும் திறக்கிறது. எட்டாயிரம் ரூபாய் வரை செலவிட இயலும். மகன் விளக்கு எரியும் கீபோர்டும் மவுஸும் கேட்கிறான். மகள் வெப்கேமும் ஸ்பீக்கரும் கேட்கிறாள். கடைக்காரரோ புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, குளச்சல்

பதில்: பிள்ளைகள் கேட்கும் நான்கு பொருள்களில் ஒன்றுகூட அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பைக் குறைக்காது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு முனை அங்கும் இங்கும் நகர்ந்து ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால், விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கையில் அது திணறிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. ஆகவே முதல் செலவு 240 அல்லது 256 ஜி.பி. கொள்ளளவுள்ள, 2.5 அங்குல, சாட்டா இணைப்பு வகை எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். உங்கள் கணினியின் காலத்து மதர்போர்டுகளில் (பாகங்கள் எல்லாம் இணையும் தாய்ப்பலகை) எம்.2 எனும் சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கான இடம் பெரும்பாலும் இராது. எனவே கடையில் 'சாட்டா' என்று சொல்லியே கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிய வேண்டாம். படங்களையும் பாடக் குறிப்புகளையும் வைக்க அது இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே இருக்கலாம்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம். இன்னொரு 4 ஜி.பி. சேர்த்து 8 ஆக்கினால் மூவரின் வேலைக்கும் போதும். உங்கள் போர்டு ஏற்பது டி.டி.ஆர்.3 வகை, டி.டி.ஆர்.4 ரேமில் நடுவெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது பொருந்தவே பொருந்தாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழுதுபார்க்கும் கடைகளில் டி.டி.ஆர்.3 பழைய ரேமாகவே கிடைக்கக்கூடும். கணினியையும் கொண்டுபோய், அங்கேயே பொருத்தி ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நிறுவியிருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ரேம் சேர்ப்பதில் பயனில்லை, எஸ்.எஸ்.டி.யில் புதிதாக நிறுவும்போது 64 பிட் பதிப்பையே போடச் சொல்லுங்கள்.

மீதிப் பணம் யு.பி.எஸ்.ஸுக்கு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறும் மாவட்டம் நம் குமரி. ஐப்பசி, கார்த்திகையில் மாலை வேளைகளில் இடி முழங்கும்போது கரண்ட் போய்ப்போய் வருவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களைத் தரும். மணிக்கணக்கில் ஓட்ட அதை வாங்கக் கூடாது. ஆனால் நேரடியான இடியிலிருந்து எந்த யு.பி.எஸ்.ஸும் காப்பாற்றாது. வானம் இருண்டால் மின் பிளக்கோடு இணையக் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பலரும் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்வதும் எந்த உதிரிப் பொருளையும்விட முக்கியம்.

கடலோர வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்புக்காற்றில் ரேமின் பொன்னிற முனைகள் மங்கி, கணினி பீப் ஒலியோடு நின்றுவிடுவது உண்டு. உடனே புது ரேம் வாங்க ஓடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்த முனைகளை மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலருகில் வைக்காதீர்கள். துணி உறையைக் கணினி அணைந்த பிறகே போடுங்கள்.

கடைக்காரர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்பு மேம்பாட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரையே கிடைக்கும். நான்காம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இல்லை. ஆயினும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தில் பாடம், தட்டச்சு, இணையம் எல்லாம் நடக்கும் என்பதால், ஓடும் கணினியை இப்போதே கழிக்க நான் சொல்லமாட்டேன். வெப்கேமுக்குக் கைப்பேசி இருக்கிறது. விளக்கு எரியும் கீபோர்டு தேர்வு முடியும்வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: கீழ்த்தளத்தில் ரவுட்டர், மாடியில் கணினி. யு.எஸ்.பி.யில் செருகி வைஃபை பெறும் டாங்கிள் வாங்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சுவரில் துளையிட வழியிருந்தால் கேட் 6 வகை இணையக் கேபிளே மேல்; அதன் எல்லை 100 மீட்டர், வேகமும் நிலையாக இருக்கும். செம்புக் கேபிளா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். பின்னது மலிவு, எளிதில் ஒடியும். டாங்கிள்தான் முடியும் என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ளதை எடுங்கள். கான்கிரீட் தளத்தைக் கடப்பதில் 2.4 தேவலாம். கேபினெட்டின் பின்னால் செருகினால் இரும்புத் தகடு சிக்னலை மறைக்கும், சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரில் மாட்டி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு எங்கே கிடைக்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: அதற்கெனத் தனிக் கீபோர்டு வாங்க வேண்டியதில்லை, ஐயா. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசையமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். சாதாரணக் கீபோர்டில் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கர் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம்; இல்லையேல் விசைப் படத்தை ஒரு தாளில் அச்சிட்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டிவையுங்கள்.