பதில்: கடையை மூடியபின் வீட்டில் மாவு வியாபாரம், யார் எதைப் பார்ப்பது?

வணக்கம் சகோதரி. மும்பை செம்பூரில் கணவரின் கடையை மூடியாச்சு, உங்கள் இட்லி மாவில்தான் வீடு ஓடுகிறது, அவரோ எல்லாவற்றிலும் தலையிடுகிறார், மாவு பாக்கெட் வெடிப்பதும் அவரால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பணத்தைப் பிரியுங்கள். மாவுக் காசு கூட்டுக் கணக்கில் விழுந்தால் கடை லோன் தவணை அதை விழுங்கிவிடும். அவருக்குக் கடன் இல்லாத வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. ஜிபே க்யூஆரும் அதற்கே. அந்தக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் இது முழுப் பாதுகாப்பு ஆகாது, பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

அவரிடம் ‘கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள். முதலாளியாக இருந்தவருக்கு அது குத்தும். கொள்முதல், வசூல் முழுக்க அவர் பொறுப்பு. அரைப்பு, விலை உங்களுடையது. வாஷி ஏபிஎம்சி மொத்தச் சந்தையில் அரிசி, உளுந்து மூட்டைக்கு அவர் பேரம் பேசினால் உங்களைவிட நன்றாகவே முடிப்பார். ஆனால் கடைப் பழக்கத்தில் ‘அப்புறம் தாங்க’ என்பார், வியாபாரம் அங்கேதான் கவிழும். பாக்கி கிடையாது என்று முன்பே பேசிவிடுங்கள்.

பாக்கெட் வெடிப்பதற்கு அவர் காரணமில்லை. மே மாதப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, பையில் கால்வாசி காலியாக விட்டு, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.