21,906 கோடியில் எங்கள் ஊர் மாத்திரை எந்தக் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறேன். முன்பு ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். இப்போது பத்து நாளைக்குத்தான் கிடைக்கிறது. லேப் டெக்னீஷியன் இல்லாததால் ரத்தப் பரிசோதனைக்கு பஸ் ஏறி டவுனுக்குப் போகிறேன். 2025-26 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு 21,906 கோடி என்று டிவியில் சொன்னார்கள். அது ஏன் எங்கள் ஊர் வரை வருவதில்லை? யாரிடம் கேட்பது?
- தருமபுரி மாவட்ட வாசகி

பதில்: அம்மா, நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு குறைகளுக்கும் பணம் வரும் வழி வேறு வேறு. மாத்திரைக்கு ஒரு பை, லேப் டெக்னீஷியனுக்கு இன்னொரு பை. எந்தப் பையில் ஓட்டை என்று தெரியாமல் மனு கொடுத்தால், அது மேசை மேசையாகச் சுற்றி வந்து நின்றுவிடும்.

முதலில் அந்தப் பெரிய எண். தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு ஏறத்தாழ 4.39 லட்சம் கோடி. அதில் 21,906 கோடி என்பது நூற்றுக்கு ஐந்து ரூபாய். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், 2020-க்குள் அந்த அளவை எட்ட வேண்டும் என்றது. சுகாதாரத்துக்கான பணத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப நிலை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும், 1939-லேயே தனிச் சட்டமும் கண்ட மாநிலம் இது. அந்த மரபுக்கு ஐந்து சதவீதம் போதாது என்பதுதான் என் கருத்து.

இந்தத் துறையின் பணம் மானியக் கோரிக்கை எண் 19-இல் இருக்கிறது. துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் ஆவணம்தான் மானியக் கோரிக்கை. நிதித்துறை இணையதளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் 2210 என்ற தலைப்பு மருத்துவம், பொது சுகாதாரம். அதற்குள் 03 ஊரக அலோபதிப் பணிகள். அதிலும் 103 என்றால் ஆரம்ப சுகாதார நிலையங்கள். 05 மருத்துவக் கல்வி. கட்டடம், பெரிய கருவி போன்றவை 4210-இல். மருத்துவக் கல்லூரிகள், அவற்றின் மருத்துவமனைகள், காப்பீட்டுத் திட்டம், 108 ஆம்புலன்ஸ் எல்லாமே இதே 19-க்குள் அடக்கம். டிவியில் சொன்ன எண்ணை வைத்து உங்கள் ஊர் நிலையத்தை அளக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே உள்ள பத்திகளையும் பாருங்கள். நடப்பாண்டின் திட்ட மதிப்பீடு (ஆண்டுக்கு முன்பே போட்ட கணக்கு), திருத்த மதிப்பீடு (இடையில் திருத்திய கணக்கு), முந்தைய ஆண்டின் உண்மையான கணக்கு என்று வரும். பேச்சில் வாசிக்கப்படுவது திட்ட மதிப்பீடு. நான் முதலில் பார்ப்பது கணக்குப் பத்தியைத்தான். சொன்னதில் எவ்வளவு செலவானது என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது லேப் டெக்னீஷியன். சுகாதாரச் செலவில் பெரும்பகுதி சம்பளம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். ஊசி போடுகிற கையும் ரத்தம் எடுக்கிற கையும் இல்லாமல் மருத்துவம் ஏது? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பணியிடம் அனுமதிக்கப்பட்டு, ஆள் வராமல் காலியாகக் கிடந்தால், அதற்கான சம்பளம் யாருக்கும் போகாது. ஆண்டு முடிவதற்குள் அந்தத் தொகை அரசுக்கே ஒப்படைக்கப்படும். ஏட்டில் அதன் பெயர் ‘மிச்சம்’. நீங்கள் டவுனுக்கு எடுத்த பஸ் டிக்கெட்டும் தனியார் லேபில் கொடுத்த காசும்தான் அந்த மிச்சத்தின் மறுபக்கம். அதனால் "பணம் ஒதுக்கவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒதுக்கிய சம்பளம் எத்தனை மாதம் செலவாகாமல் இருந்தது?" என்றும் கேளுங்கள்.

அந்தப் பணியிடம் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். அரசின் நிரந்தரப் பணியிடம் என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்து அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் யாரும் நினைத்தவுடன் போட முடியாது. தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் தொகுப்பூதியப் பணியிடம் என்றால் மாவட்ட நலவாழ்வுச் சங்கமே விளம்பரம் கொடுத்து எடுக்கலாம். அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் பணம் தருகின்றன.

மாத்திரைக்கு வழி வேறு. அதை உங்கள் நிலையம் கடையில் வாங்குவதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கி, தரம் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, பாஸ்புக் முறையில் கணக்கு வைத்து எடுக்கிறார்கள். பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய நல்ல முறை இது. ஆனால் ஒதுக்கிய தொகைக்கு மேல் நோயாளிகள் வந்தால், மருந்தாளுநர் முப்பது நாள் மாத்திரையைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? கிடங்கிலேயே இருப்பு இல்லாமலும் போகலாம். எது காரணம் என்று அவரிடமே பணிவாகக் கேளுங்கள். மருந்துப் பதிவேடு அவர் கையில் இருக்கிறது. இதற்கிடையில், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் அது.

மின்விசிறி, நாற்காலி, குழாய் போன்ற சின்னச் செலவுகளுக்கு நோயாளர் நலச் சங்கத்திடம் நிபந்தனையற்ற நிதி இருக்கும். தேசிய திட்ட வழிகாட்டுதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் வரை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உங்கள் நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, எது எந்தத் தேதியிலிருந்து காலி, அது நிரந்தரமா தொகுப்பூதியமா, கடந்த மூன்று ஆண்டுகளில் மருந்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, மாதவாரியாகப் புறநோயாளிகள் எத்தனை பேர். இவற்றை மட்டும் கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். எண்ணும் தேதியும் கேட்டால் ஏட்டைப் பார்த்து எழுதியே ஆக வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்து, காலம் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்பட்டாலும், துறைகள் தங்கள் தேவைகளைக் கணக்கெடுத்து அனுப்புவது அதற்குப் பல மாதம் முன்பே. அதனால் அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளைத் தவற விடாதீர்கள். "மருத்துவ வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் எழுத விட வேண்டாம். "இந்த நிலையத்தில் லேப் டெக்னீஷியன் பணியிடம் இந்தத் தேதியிலிருந்து காலி, மாதம் இத்தனை பேர் வெளியே பரிசோதனைக்குப் போகிறார்கள், இத்தனை நோயாளிகளுக்கு இவ்வளவு மருந்துத் தொகை தேவை" என்று எண்களோடு எழுதச் சொல்லுங்கள். அதன் நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கும், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சுகாதார மானியக் கோரிக்கை மீது விவாதம் நடக்கும் நாளில் அமைச்சரிடம் எழுந்து கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. உங்கள் ஊரின் எண்கள் அன்று அவர் கையில் இருக்க வேண்டும்.