நர்சிங் மாணவர் கேள்வி-பதில்: முதலில் எண்ணு, பிறகு எழுது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, மாடல் தேர்வுக்குப் பயந்து எழுதியவை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாரையும் ஊர் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

குலசேகரம், முதல் செமஸ்டர்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அனாட்டமியில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. என்னால் முடியுமா அம்மா?

முடியும் மக்களே. உன்னை மிரட்டுகிற சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கமும் லத்தீனும். ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைக்கும் அவை புதுசுதான். சொல்லை உடைத்துப் படி. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. முன்னால் 'ஹெப்பட்' வந்தால் கல்லீரல், 'நெஃப்ர்' வந்தால் சிறுநீரகம், 'கோலி' வந்தால் பித்தம். இப்போது கோலிசிஸ்டெக்டமியை நீயே பிரித்துப் பார்: பித்தம், பை, எடுப்பு. இப்படி நூறு துண்டுகள் கைக்கு வந்துவிட்டால் பாடம் ஓடும்.

பாடத்தை முதலில் தமிழில் உனக்கே சொல்லிப் பார். இதயத்துக்குள் ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று தமிழில் சொல்லத் தெரிந்த பிறகு, அன்றைக்கே அதை ஐந்தாறு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுது. தேர்வுத்தாளில் அந்தச் சின்ன வாக்கியங்களே போதும்.

தோவாளை: அதிகாலையில் அம்மாவோடு பூ கட்ட வேண்டும். படிக்க நேரமே இல்லை.

பூ கட்டும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? மூளையிலிருந்து கிளம்பும் 12 கிரேனியல் நரம்புகளையும் அவற்றின் வேலையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே கட்டு. எங்கே தட்டுகிறதோ அதை மட்டும் பிறகு புத்தகத்தில் பார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாக நிற்கும்.

தக்கலை: 500 மில்லி சலைனுக்கு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? உடனே பதில் வேண்டும்.

எத்தனை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும்? எந்த ஐ.வி. செட் (சொட்டு ஏற்றும் குழாய்)? இரண்டையும் எழுதாமல் உடனே பதில் கேட்டால் எப்படி? வார்டிலும் இப்படித்தான் கேட்பாயா?

மில்லியை செட்டின் சொட்டு எண்ணிக்கையால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்றினால் 10,000-ஐ 240-ஆல் வகுக்கிறோம். ஏறக்குறைய 42 சொட்டு. அதையே 8 மணி நேரத்தில் ஏற்றினால் 21. செட் உறையின் மேல் சொட்டு எண் அச்சிட்டிருக்கும், அதைப் படிக்காமல் கணக்கில் இறங்காதே. விடை வந்த பிறகு வாட்சைப் பார்த்து, சொட்டை முழுதாக ஒரு நிமிடம் எண்ணு.

இதோடு இன்னொன்று. நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சும் உண்டு. 40 வயலிலிருந்து 100 சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். வயலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மருந்தை எடு. தினமும் இரண்டு கணக்கு போடு. தேர்வுக்கு முந்தின நாள் மொத்தமாகப் போடுகிற பாடம் இல்லை இது.

மார்த்தாண்டம், மூன்றாம் ஆண்டு: சீனியர் அக்கா தன் நோயாளிக்கு எழுதிய கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) இருக்கிறது. நோயும் அதே நோய்தான். பார்த்து எழுதினால் என்ன தப்பு? மிச்சமாகும் நேரத்தில் பாடம் படிக்கலாமே மேடம்?

உனக்கு எழுதுவதற்கு முன் உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மிச்சமாகும் நேரம் என்கிறாய். நர்சிங் படிப்பே அந்த நேரத்தில்தான் நடக்கிறது, பிள்ளை!

நான் முதலாண்டு படித்தபோது நெஞ்சுச் சளியோடு ஒரு பெரியவர் வார்டில் படுத்திருந்தார். அவர் மூச்சை நான் எண்ணவில்லை. பக்கத்துப் படுக்கைகளுக்கு எழுதியது போலவே அவருக்கும் 20 என்று எழுதினேன். வார்டு சிஸ்டர் தாளைப் பார்த்தார், என் கையைப் பிடித்து அந்தப் படுக்கைக்குக் கூட்டிப் போனார், தன் வாட்சைக் கழற்றிக் கொடுத்து "எண்ணு" என்றார். 34. சிறிது நேரத்தில் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். என் 20-ஐ நம்பி டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போயிருந்தால்? இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. உடல்நிலை மோசமாகும்போது பலருக்கு முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை. மாணவர்கள் எண்ணாமல் விடுவதும் அதைத்தான். முழுதாக ஒரு நிமிடம் எண்ணு என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பிறகு ஆசிரியையாக இருந்தபோது ஒரே கேர் பிளான் நோட்டைப் பார்த்து எழுதி, மூன்று பேட்சுக்கு ஒரே எழுத்துப்பிழை இறங்கி வந்ததைத் திருத்தியிருக்கிறேன். மார்க் குறைத்தேன், திட்டினேன், பெற்றோரைக்கூட அழைத்துப் பேசினேன். ஆனாலும் அந்த நோட்டு விடுதியில் கைமாறிக்கொண்டேதான் இருந்தது.

உன் சீனியர் பார்த்த நோயாளிக்கும் உன் நோயாளிக்கும் நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம். அவருக்குக் கால் வீங்கியிருக்கும், இவருக்கு ராத்திரி தூக்கம் வராது. கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன் பத்து நிமிடம் படுக்கை ஓரம் நில். என்ன கஷ்டம் என்று கேள், பார், தொடு, எண்ணு. பிறகு கேஸ் ஷீட். அதற்குப் பிறகு மூன்று பிரச்சினைகளை நீயே எழுது, தப்பாக இருந்தால் டியூட்டர் திருத்தட்டும். அன்று ராத்திரியே அந்த நோயைப் புத்தகத்தில் படி. மூன்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்கிய ஒரு அம்மாளைப் பார்த்துவிட்டுப் படித்தால் ஹார்ட் ஃபெயிலியரும், படுத்தால் மூச்சு முட்டுகிற ஆர்த்தாப்னியாவும் மறக்கவே மறக்காது. வாரம் மூன்று பேர் என்றால் ஆண்டுக்கு நூறுக்கு மேல் நோயாளிகள் உன் மனதில் இருப்பார்கள். அவர்கள் பெயரை நோட்டில் எழுதாதே. கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதே.

வடசேரி: நைட் டியூட்டியில் படிக்கலாமா?

நோயாளியைப் பார்க்கத்தான் சம்பளமும் போஸ்டிங்கும். டியூட்டி முடிந்ததும் தூங்கு, எழுந்து குளித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் படி. தூக்கத்தை விற்றுப் படித்தது தேர்வு அறையில் வராது.

ஆரல்வாய்மொழி: காலையில் படித்தது ராத்திரி மறந்துவிடுகிறது. வல்லாரை சாப்பிடலாமா?

துவையல் அரைத்துச் சாப்பிடு, நல்லதுதான். மறதிக்கு வழி வேறு. எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதி வைத்தார்: படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கழன்றுவிடும். அதனால் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து ஒரு தாளில் எழுது. மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று மறுபடி எழுது. வண்ணப் பேனாவால் கோடு போடுவது படிப்பல்ல.

குளச்சல், ஒரு தந்தை: மகள் எப்போதும் போனில் வீடியோ பார்க்கிறாள். கேட்டால் பாடம் என்கிறாள்.

ஐயா, சந்தேகப்பட்டுச் சண்டை போடாதீர்கள். வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததை உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் எது குறைகிறது, ஓ.ஆர்.எஸ். ஏன் கொடுக்கிறோம், எந்தப் பாக்கெட்டை 200 மில்லியில் கரைப்பது, எதை ஒரு லிட்டரில் கரைப்பது என்று உங்களுக்குப் புரியும்படி சொன்னால் அவள் படிக்கிறாள். தடுமாறினால் அவளுக்கே தெரிந்துவிடும்.

கருங்கல், முதல் செமஸ்டர்: அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வுக்கு இப்போதே கோச்சிங் சேரட்டுமா?

வேண்டாம். அதில் 85 முதல் 150 கேள்விகள். 2023 ஏப்ரலிலிருந்து ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி, நீ முதலில் என்ன செய்வாய் என்று கேட்கும் கேள்விகளும் சேர்ந்திருக்கின்றன. மார்த்தாண்டம் மாணவிக்கு எழுதிய பதிலைப் படி. உனக்கும் அதுதான்.

இரணியல்: வைவாவில் (வாய்மொழித் தேர்வு) விடை தெரியாவிட்டால் சமாளிப்பது எப்படி?

சமாளிக்காதே. "தெரியவில்லை மேடம், படித்து வருகிறேன்" என்று சொல். தெரியாத மருந்தை ஊகித்துச் சொல்கிற பிள்ளை வார்டில் ஊகித்துக் கொடுத்துவிடுவாளோ என்றுதான் எதிரே இருப்பவர் பயப்படுவார்.