தனியாக ஒரு டிக்கெட்

கேள்வி: எலக்ட்ரானிக் இசை என்றால் எனக்கு உயிர். பல வருடங்களாக நான் கேட்டுவரும் கலைஞர் ஒருவர் கிளப்பில் நேரடியாக வாசிக்கப்போகிறார். நண்பர்கள் ஒருவர்கூட வரத் தயாராக இல்லை. 'லேப்டாப்பில் பட்டனைத் தட்டிவிட்டு நிற்கிற ஆளைப் பார்க்கவா காசு?' என்கிறார்கள். தனியாகப் போய் நின்றால் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்க மாட்டார்களா?

பதில்: யார் பார்க்கப்போகிறார்கள்? இருட்டான கூடம், புகை, வந்து வந்து மறையும் விளக்குகள், எல்லா முகமும் மேடைப் பக்கம். பக்கத்தில் ஆடுகிறவர் யாரோடு வந்தார் என்பது உங்களுக்கே தெரியாது. உங்களைப் பற்றி மட்டும் அவருக்கு எப்படித் தெரியும்? ஜோடி சேர்ந்து ஆட வேண்டிய நடனம் என்றால் உங்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. இங்கே ஒவ்வொருவரும் தாளத்தோடுதான் ஆடுகிறார்கள். துணை யாருக்கும் தேவையில்லை.

இந்த இசை வளர்ந்த இடங்களையும் நினைத்துப் பாருங்கள். சிகாகோவில் 1977-ல் திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைக் கோத்து 'ஹவுஸ்' என்ற எலக்ட்ரானிக் நடன இசைக்கு வழி போட்டபோது, அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலின ஈர்ப்பாளர்கள். மற்ற இடங்களில் நிம்மதியாக நிற்க முடியாதவர்களுக்கு அந்தத் தளம் இடம் கொடுத்தது. அப்படிப் பிறந்த இசைக்கு, தனியாக வருகிற ஆள் ஒரு காட்சிப்பொருளே அல்ல.

உங்கள் நண்பர்களின் பேச்சுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக் கொண்டுவந்து ஓடவிடும் கலைஞர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிஜமாக நேரடியாக வாசிப்பவரின் கைகளை அவர்கள் பார்த்ததில்லை. டிரம் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டிஆர்-808-ல் கீழே வரிசையாக 16 பட்டன்கள். ஒரு தாளச் சுற்றை 16 துண்டாக்கி, எந்தத் துண்டில் அடி விழ வேண்டுமோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு தாள எண்ணிக்கை; நிமிடத்துக்கு 125 எண்ணிக்கை என்ற வேகத்தில் அந்தச் சுற்று இரண்டு விநாடிக்குள் முடிந்து மறுபடி தொடங்கிவிடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கலைஞர் ஓர் அடியை எடுக்கிறார், இன்னொன்றைச் சேர்க்கிறார். மற்றக் கை, மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சின்தசைசரின் ஃபில்டர் குமிழில் இருக்கிறது. அதைத் திருகத் திருக, மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பதுபோல் மங்கிக் கிடந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்கிறது.

அப்புறம் பேஸை, அதாவது அடியில் அதிரும் கனத்த ஒலியை, அப்படியே எடுத்துவிடுவார். 16 சுற்று, ஏறக்குறைய அரை நிமிடம், கூட்டம் முழுக்கக் காத்திருக்கும். 16 முடிந்தும் தராமல் இன்னொரு 16 இழுக்கிறவர்களும் உண்டு. பேஸ் எப்போது திரும்பி வந்து நெஞ்சுக்கூட்டில் இறங்க வேண்டும் என்பதை, முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவு செய்கிறார். இதற்கா 'பட்டன் தட்டுவது' என்று பெயர்?

அந்த அரை நிமிடத்தில் விருப்பமில்லாமல் கூட வந்த நண்பர் உங்கள் காதருகே குனிந்து 'எப்பக் கிளம்பலாம்?' என்று கத்துவார். கத்தாவிட்டாலும் தொல்லைதான். அவருக்குப் போரடிக்கிறதா, கால் வலிக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்ப்பதிலேயே உங்கள் கவனம் பாதி போய்விடும். தனியாகப் போனால் பிடித்த இடத்தில் நிற்கலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் யாரிடமும் சொல்லாமல் வெளியே வரலாம். ஆகவே துணையில்லை என்பதைக் குறையாக எண்ணாதீர்கள். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நல்ல துணை கிடைத்தால் சரி. அரைமனத் துணையைவிடத் தனியாகப் போவதே மேல் என்பேன்.

முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு நிற்கும் இடத்துக்கு முன்னால் நில்லுங்கள். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். சுவரோரமும் மூலையும் பேஸைக் கூட்டிக் குழப்பிவிடும்.

காது விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். கிளப்பில் 100 சாதாரணம். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த இயர்பிளக் (காதடைப்பான்) எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் இசை கெடாது. சாதாரண நுரைப்பஞ்சு இயர்பிளக் மேல்சுருதியை அதிகம் விழுங்கும், ஆனாலும் வெறும் காதைவிட அது எவ்வளவோ மேல். இரைச்சல் வீடுவரை காதில் தொடர்ந்தால் அது எச்சரிக்கை. கேட்கும் திறன் போனால் திரும்பாது. இசையை இவ்வளவு நேசிக்கும் உங்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது?

போனைப் பையிலேயே விடுங்கள். பெர்லினின் 'பெர்க்ஹைன்' கிளப்பில் வாசலிலேயே கேமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். ஆடுகிறவர்களைப் படம் பிடிக்காமலிருப்பது மரியாதை.

எச்சரிக்கை என்று சொன்னால், தனியாகப் போகும் யாருக்கும் தேவையானதுதான். பெண்ணாக இருந்தால் கூடுதலாகவே. எதைக் குடித்தாலும் கோப்பை உங்கள் கையிலேயே இருக்கட்டும், வைத்துவிட்டுப் போனதைத் திரும்ப எடுத்துக் குடிக்காதீர்கள். யாராவது தொந்தரவு செய்தால் தயங்காமல் கிளப் ஊழியரிடம் சொல்லுங்கள். முக்கியக் கலைஞர் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் மேடையேறுவார். அதனால் திரும்பி வர என்ன வண்டி என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை இன்றே எடுத்துவிடுங்கள். சின்னக் கிளப் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.